தலைக்காரியும் நாத்தனாரின் புடைப்பும்

காலையில் லிஃப்ட்டில் ஏறும்போதே யாராவது கேட்டுவிடுவார்கள். "என்ன தலைக்காரம்மா, இன்னைக்கு எத்தனை தலை?"

"கைவசம் ரெண்டு இருக்கு. உங்க தலையையும் கொண்டாங்க, உள்ளே ஏதாவது இருக்கான்னு பார்த்துச் சொல்றேன்" என்பாள். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். புதிதாக வந்த நோயாளி யாராவது அதே லிஃப்ட்டில் நின்றால், பாவம், முகம் வெளிறிப்போகும்.

பயப்பட ஒன்றும் இல்லை. கணினிக்குள் தலை கட்டுவதுதான் அவள் வேலை. மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. இரண்டு மேஜை, நாலு திரை, எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும் ஒரு ஏசி. நோயாளியின் ஸ்கேன் படம் அங்கே வரும். அதை வைத்து அவருடைய தலையை அச்சு அசலாகக் கட்டுவாள். மேலே தோல், அதற்குள் மண்டையோடு, அதற்குள் தண்ணீர், தண்ணீருக்குள் மூளை. கட்டி முடித்த தலைமேல் ஒரு காந்தத்தை வைத்துப் பார்ப்பாள். அதுவும் கணினிக்குள்தான்.

நிஜக் காந்தம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. எட்டு போல வளைத்த கம்பிச் சுருள், காயில் என்பார்கள். தலைமேல் வைத்தால் டக் டக்கென்று அடிக்கும். கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது, மயக்க ஊசி கிடையாது. வெளியே இருந்தபடியே, உள்ளே சோர்ந்து கிடக்கும் நரம்புகளைத் தட்டி எழுப்பும். கேட்க லேசாக இருக்கிறது அல்லவா? ஆனால் எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு பலமாக அடிப்பது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். விரல் அகலம் தள்ளிவிட்டால் அடி வேறெங்கோ போய் விழும். சரியான இடத்தைச் சொல்லி அனுப்புவதற்குத்தான் மாடியில் தலைக்காரி உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. மின்சாரம் படித்தவள். முதலில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் தொழிற்சாலையில் இருந்தாள். எண்ணெய்த் தொட்டிக்குள் எந்த மூலையில் மின்புலம் போய்க் குவிகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வாள். பிறகு இந்த மருத்துவமனை ஆள் தேடியபோது, சும்மா போய்த்தான் பார்ப்போமே என்று வந்தாள். நரம்புப் பிரிவின் பெரிய டாக்டர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார். "மூளையைப் பத்தி உங்களுக்கு என்னம்மா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது டாக்டர். ஆனா தொட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன நடக்குதுன்னு சொல்லத் தெரியும். எனக்கு அங்கே எண்ணெயும் இரும்பும். உங்களுக்கு இங்கே தண்ணியும் மூளையும். மூளையை நான் படிச்சுக்குவேன்; கணக்கை நீங்க படிச்சுக்குவீங்களா?"

பெரிய டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். வேலையும் கொடுத்தார். சொன்னபடியே படித்தாள். சும்மா சொல்லக்கூடாது, மண்டைக்கனம் கொஞ்சம் உண்டுதான். ஆனால் அந்தக் கனத்துக்குத் தகுந்த வேலையும் உண்டு.

அந்த வேலையில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்து இது எலும்பு, இது தண்ணீர், இது மூளை என்று முதலில் பிரித்து நிறம் தீட்டுவது ஒரு மென்பொருள். அது கற்றுக்கொண்டதெல்லாம் நல்ல வாட்டசாட்டமான இளவட்டங்களின் தலைகளை வைத்து. இங்கே வருகிறவர்களோ மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகும் நோய்க்காரர்கள். மூளை சுருங்கிய இடத்தில் தண்ணீர் நிற்கும். மென்பொருளுக்கு அது பிடிபடாது. இங்கே மூளை இருந்தாக வேண்டுமே என்று தானாகவே மூளையின் நிறத்தை நிரப்பி வைத்துவிடும். ஓட்டை விழுந்த சுவரில் காகிதம் ஒட்டுவது போலத்தான். அதனால் தலைக்காரி ஒவ்வொரு படத்தையும் நிறம் இல்லாத அசல் ஸ்கேனுக்குப் பக்கத்தில் வைத்து, இல்லாத மூளையை மவுஸால் அழித்து அழித்துத் திருத்துவாள். கண் பூத்துப்போகிற வேலை அது.

பக்கத்து மேஜை இன்ஜினியர் நல்ல பையன்தான், ஆனால் வாய் நீளம். கண்ணாடித் தடிமனைப் பார்த்து எல்லோரும் சோடாப்புட்டி என்பார்கள். அவன் ஒரு நாள் கேட்டான். "மேடம், நீங்க ஸ்கேன் பார்க்கறீங்களா, பேன் பார்க்கறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டா. ஒண்ணை விட்டாலும் அரிக்கும்" என்றாள்.

அங்கே இன்னொரு விதியும் உண்டு. தலைகள் பெயரோடு வராது, எண்ணோடுதான் வரும். முகத்தைக்கூட வெட்டி எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். யாருடையது என்று தெரிந்தால் கை கோணும், ஆசை கணக்கில் கலந்துவிடும். அப்படியும் மீறி யாருடையது என்று தெரிந்துவிட்டால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். அடுத்தவர் பார்க்க வேண்டும். இந்த விதியை எழுதியவர்களில் தலைக்காரியும் ஒருத்தி.

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டில் ஒரு நாத்தனார். கணவனின் அக்கா. அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். தனக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொள்ளாதவள். ரயில் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்தவள். அவள் குரலைக் கேட்டு மூட்டை முடிச்சோடு நடைமேடை மாறி ஓடாத பயணி அந்த ஊரில் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு மைக் மட்டும்தான் போயிற்று, அறிவிப்பு போகவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "மகாராணி குளிச்சு முடிச்சு வெளியே வர இன்னும் அரை மணி நேரம் தாமதமாகும். பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பாள். உள்ளே தலைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகாராணி என்ற பெயர் கல்யாணமான புதிதிலேயே வைத்தாயிற்று. அதற்குக் காரணம் அலமாரிக் கதவு. சமையலறையில் தலைக்கு மேலே ஒரு சுவர் அலமாரி இருக்கிறது. புது மருமகள் அதைத் திறந்தால் மூட மாட்டாள். ஒரு நாள் நாத்தனார் கீழே குனிந்து எதையோ எடுத்துவிட்டு நிமிர, திறந்து கிடந்த கதவின் முனை தலையில் நங்கென்று பட்டது. "கதவு சாத்தக்கூட ஆள் வேணுமோ மகாராணிக்கு?" என்றாள். அன்றிலிருந்து அதுவே பெயர். கொஞ்ச நாள் கழித்துத் தலையின் பின்பக்கத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு புடைப்பு கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் வழக்கு இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் கையைப் பிடித்து இழுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வாள். "பாருங்க, மகாராணி குடுத்த பரிசு."

"கதவுல இடிச்சா வீங்கி வத்திடும் அண்ணி. இத்தனை வருஷமா அப்படியே நிக்குமா? அது வேற ஏதோ" என்று தலைக்காரி தலையில் அடித்துக்கொள்வாள். கேட்டால்தானே! கணவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவனுக்கு என்ன அறிவுரை சொல்வானோ அதையே தானும் பின்பற்றினான். அசையாமல், சத்தம் போடாமல் இருந்தான்.

அப்படிப்பட்ட வாய்க்குத்தான் நோய் வந்தது.

முதலில் சின்னச் சின்னப் பொருள்களின் பெயர் போயிற்று. "அதைக் கொண்டா." "எதை அண்ணி?" "அதான்... குடிக்கிறது... அது." டம்ளர் அது ஆயிற்று. சீப்பு அது, சாவி அது, ஜன்னல் அது. மனசில் எல்லாம் தெளிவாக இருந்தது. யாரையும் மறக்கவில்லை, வழி தப்பவில்லை. வார்த்தை மட்டும் வாசல் வரை வந்து திரும்பிப் போயிற்று. மூளையின் இடது பக்கத்தில் பேச்சுக்கான இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார் பெரிய டாக்டர். "காந்த சிகிச்சை இந்த நோயைத் துரத்தாதும்மா. இருக்கிற வார்த்தைகளைக் கொஞ்ச காலம் கூடப் பிடிச்சு வைக்குமான்னுதான் பார்க்கிறோம். வர்றீங்களா?" என்று நாத்தனாரிடமே கேட்டார். அவள் பலமாகத் தலையாட்டினாள்.

ஒரு நாள் மாலை தலைக்காரி வேலை முடிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளே நாத்தனார் தம்பியிடம் கேட்பது காதில் விழுந்தது. "அது... வந்துருச்சா?"

மகாராணியும் அது ஆகிவிட்டாள். இத்தனை வருஷமாக எந்தப் பெயரைக் கேட்டுப் பல்லைக் கடித்தாளோ, அந்தப் பெயர் போய்விட்டது. தலைக்காரி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே எந்த அறிவிப்பும் வரவில்லை.

மறுநாள் காலை ஒரு காரியம் செய்தாள். கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். சமையலறை அலமாரிக் கதவை வேண்டுமென்றே அகலத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அடுத்த நாளும் அப்படியே. நாத்தனார் அதைப் பார்ப்பாள், வாய் திறப்பாள், ஒன்றும் வராது. தானே எழுந்து போய்ச் சாத்திவிட்டு உட்காருவாள். கணவன்தான் எரிச்சல்பட்டான். "அவளே முடியாம இருக்கா. இப்பவாவது சாத்திட்டுப் போகக்கூடாதா?" தலைக்காரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என்னவென்று சொல்வாள்?

இப்படி இருக்கையில் ஒரு நாள் மாடிக்கு ஒரு தலை வந்தது. எண்தான் இருந்தது, முகம் இல்லை. மெல்லத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில், மண்டையோட்டின் வெளிப்பக்கமாக, கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு புடைப்பு.

அண்ணி தலை! அடுத்த கணம், இதையும் சொல்லத்தான் வேண்டும், சிரிப்பு வந்தது. அந்தப் புடைப்பு எலும்பு தானாக உருண்டு வளர்ந்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இப்படி எத்தனையோ தலைகளில் பார்த்திருக்கிறாள். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதது. கதவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இத்தனை வருஷ வழக்கில் அசைக்க முடியாத ஆதாரம் கையில் கிடைத்துவிட்டது! வீட்டுக்கு ஓடிப்போய், "பார்த்தீங்களா அண்ணி" என்று ஒரு பிடி பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் யாரிடம் போய்ப் பிடிப்பது? எதிர்த்துப் பேச அந்தப் பக்கம் ஆள் இல்லையே. சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று.

அப்போதே எழுந்து, "எனக்குத் தெரிஞ்ச தலை, நீ பாருடா" என்று சோடாப்புட்டியிடம் கொடுத்திருக்க வேண்டும். அவன் அன்று விடுப்பு. ஒரு நாள் பொறுத்தால் என்ன குடி முழுகிவிடும்? ஆனால் தலைக்காரிக்கு மனசு ஒப்பவில்லை. அண்ணி தலையை என்னைவிட யார் நன்றாகப் போட்டுவிடுவார்கள் என்ற நினைப்பு. மென்பொருளை ஓட்டினாள். அது தன் வேலையைச் செய்து, நிறம் தீட்டிக் காட்டியது. இடது பக்கம் பெரிதாக ஒன்றும் சுருங்கவில்லை! மூளை நிறைந்து, வளைந்து வளைந்து, பார்க்கவே லட்சணமாக இருந்தது. டாக்டர் சொன்ன அளவுக்கு மோசம் இல்லை, இன்னும் நிறைய இருக்கிறது என்று அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த சந்தோஷத்தில் அசல் ஸ்கேனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. எல்லாத் தலைக்கும் பார்க்கிறவள் இந்த ஒரு தலைக்குப் பார்க்கவில்லை. காயிலை எங்கே வைக்க வேண்டும் என்று கணக்கை எடுத்துக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டாள்.

முதல் சுற்று சிகிச்சை ஓடியது. கணவன் அக்காவை அழைத்துப் போவான், வருவான். வீட்டில் வார்த்தை ஒன்றும் திரும்பவில்லை. இருந்ததில் இன்னும் சிலதுதான் போயிற்று. "டக் டக்னு அடிக்கிறாங்க, அனுப்பிடறாங்க. அக்காவுக்குத்தான் அலைச்சல்" என்றான் ஒரு நாள். அதன் பிறகு பெரிய டாக்டர் எல்லோரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். பலன் தெரியாதவர்களை சிகிச்சையிலிருந்து எடுத்துவிட்டு, காத்திருப்பவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். எடுக்க வேண்டிய எண்களைப் படித்துக்கொண்டே வந்தவர் அந்த எண்ணையும் படித்தார்.

தலைக்காரி எழுந்துவிட்டாள். "இதை நாளைக்கு முடிவு பண்ணலாமா டாக்டர்? ஒரு தடவை பார்த்துடறேன்" என்றாள். அவள் அப்படிக் கேட்பது அதிசயம் என்பதால் அவரும் சரி என்றார்.

மாடிக்கு வந்து, நிறம் எதுவும் இல்லாத அசல் ஸ்கேனைத் திறந்தாள். முதலில் பார்த்திருக்க வேண்டியதைக் கடைசியில் பார்த்தாள். இடது காதுக்கு மேலே, சற்று முன்னால், மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே அகலம் அகலமாகக் கறுப்புத் தண்ணீர். மூளை எலும்பை விட்டு உள்வாங்கிப் போயிருந்தது. அந்தத் தண்ணீரின் மேலேதான் மென்பொருள் அழகாக மூளையை வரைந்து வைத்திருந்தது.

மென்பொருள்மேல் பழியைப் போட்டுவிடலாம். அது என்ன செய்யும் பாவம், தெரிந்ததை வரைந்தது. அதைத் திருத்தத்தான் ஒரு ஆளை உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஆள் ஆசையில் கண்ணை மூடிக்கொண்டாள்.

மவுஸைப் பிடித்தாள். படம் படமாக, இல்லாத மூளையை அழித்தாள். அண்ணியின் மூளையை இப்படித் தன் கையாலேயே அழிக்க வேண்டியிருக்கிறதே என்று அழுதுகொண்டேதான் அழித்தாள். ஆனால் ஒரு படத்தைக்கூட விடவில்லை. கணக்கை மறுபடி ஓட்டினாள். காந்தம் அடித்ததில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. வழியில் நின்ற தண்ணீர் எடுத்துக்கொண்டது. காயிலை ஒரு விரல் பின்னால் தள்ளி, கைப்பிடியைக் கொஞ்சம் கீழே திருப்பி, பத்திரமான அளவுக்குள்ளேயே பலத்தைக் கூட்டினால் அடி சரியாகப் போய்ச் சேரும். அவளுக்கு அதில் துளிகூடச் சந்தேகம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் கழுவிவிட்டு வந்தாள்.

மறுநாள் கூட்டத்தில் சுற்றி வளைக்கவில்லை.

"இந்தத் தலையை எடுக்காதீங்க டாக்டர். நாம சரியான இடத்துல அடிக்கவே இல்லை. கணினியில கட்டின தலை தப்பு. நான் போட்டது."

"நீங்களா? நீங்க ஒண்ணு விடாம பார்ப்பீங்களே?"

"இதைப் பார்க்கலை. யாரோட தலைன்னு தெரிஞ்சுபோச்சு. என் நாத்தனார். மூளை நிறைஞ்ச மாதிரி படம் வந்ததும், சந்தோஷத்துல அப்படியே அனுப்பிட்டேன்."

பெரிய டாக்டருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள். "விதியை எதுக்கு எழுதி வச்சிருக்கோம்? நீங்களும் சேர்ந்துதானே எழுதினீங்க? அன்னைக்கு ஆசையில மூளை நிறைய இருக்குன்னு போட்டீங்க. இன்னைக்கு இன்னொரு சுற்று கிடைக்கணும்னு ஆசை. இப்ப நீங்க கொண்டுவர்றதை மட்டும் நான் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. வேறு யாராக இருந்தாலும் தலையைத் தொங்கப் போட்டிருப்பார்கள்.

"நம்பாதீங்க டாக்டர்" என்றாள். "நான் திருத்தினதை இன்னும் யாருக்கும் காட்டலை. காட்டவும் மாட்டேன். வெறும் ஸ்கேனை நம்ம இன்ஜினியர்கிட்ட குடுங்க. தனியா உட்கார்ந்து முதல்ல இருந்து போடட்டும். அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒத்துப்போகலைன்னா நீங்க சொல்ற முடிவு என்னவோ அதுதான்."

"ஒத்துப்போகுமா?"

"போகும். எனக்கு என் வேலை தெரியும் டாக்டர். ஒரு தடவை அதைச் செய்யாம விட்டேன். அதுதான் தப்பு."

சோடாப்புட்டி கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினான். தலைக்காரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீ குடிக்க வெளியே வந்தபோதுகூட அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை; சுவரைப் பார்த்தபடியே வந்து சுவரைப் பார்த்தபடியே போனான். அவன் அவ்வளவு கறாராக இருந்து அவள் பார்த்ததே இல்லை. சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். இரண்டு தலைகளையும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். இரண்டு காயிலும் ஒரே இடத்தில் உட்கார்ந்தன. கைப்பிடி திரும்பியிருந்த பக்கம்கூட ஒன்றுதான்.

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு சுற்று குடுப்போம். இனிமே எந்தத் தலையும் ரெண்டு பேர் தனித்தனியா போடாம கீழே போகக்கூடாது. இந்தத் தலையை நீங்க தொடக்கூடாது. வீட்டுக்காரங்களுக்கு நான்தான் சொல்லணும். நீங்க பக்கத்துல உட்காருங்க."

"எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருறேன்" என்றாள்.

டாக்டர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். முதல் சுற்று வீணானதற்கு மன்னிப்பும் கேட்டார். கணவன் திரும்பித் தலைக்காரியைப் பார்த்தான். அவளை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகவே உறைத்தது. கடைசியில், "அக்கா தலைன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டான்.

"புடைப்பு" என்றாள்.

நாத்தனாரின் கை தானாகப் பின்தலைக்குப் போயிற்று. தடவிப் பார்த்தாள். பிறகு தலைக்காரியை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், அந்த முறைப்புக்கு வார்த்தையே வேண்டியிருக்கவில்லை. டாக்டர் திரும்பி, "இன்னொரு தடவை வர்றீங்களா?" என்று கேட்டார். அவள் முறைப்பை எடுக்காமலே தலையாட்டினாள்.

இரண்டாவது சுற்று தொடங்கியது. காயில் ஒரு விரல் பின்னால் போயிருந்தது. கீழ்த்தளத்தில் என்ன நடக்கிறது, படங்களைக் காட்டிப் பெயர் கேட்டால் எத்தனை சொல்கிறாள் என்பதெல்லாம் தலைக்காரிக்குத் தெரியக்கூடாது. சோடாப்புட்டியும் வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. மாடியில் மற்றவர்களின் தலைகளைக் கட்டினாள். காலையில் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள், மாலையில் சாத்தியிருக்கக் கண்டாள். கணவன் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான். என்ன புரிந்ததோ.

சில வாரம் போன பிறகு, தலை வாரிவிடும்போது நாத்தனார் அவள் கையைத் தட்டிவிட்டு, "சீப்பு" என்றாள். "சீப்பு... குடு. நானே." தலைக்காரி கொடுத்தாள். ஒரு வார்த்தையை நம்பி ஆடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்று லிஃப்ட்டில் யாரோ எத்தனை தலை என்று கேட்டபோது, வழக்கமான பதிலுக்குப் பதிலாக, "எல்லாமே நல்ல தலைங்க" என்று சொல்லிவிட்டாள்.

அப்புறம் ஒரு காலை. தலைக்காரி பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். நாத்தனார் சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கணவன் எதிரே நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

"ஏய்" என்றது குரல்.

தலைக்காரி திரும்பினாள். "என்ன அண்ணி?"

நாத்தனாரின் விரல் மேலே நீட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது. "அந்த... அ..." கணவன் எடுத்துக் கொடுக்க வாயெடுத்தான். தலைக்காரி கையை நீட்டித் தடுத்தாள். நாத்தனாரின் கழுத்து நரம்பு புடைத்தது, கண் சுருங்கியது.

"அலமாரி" என்றாள். மூச்சு வாங்கினாள். "அலமாரிக் கதவு. சாத்தக்கூட... ஆள் வேணுமோ... மகாராணிக்கு?"

தலைக்காரியின் பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. வாய்க்குள் அவளுடைய வழக்கின் ஆதாரம் முழுசாக, தயாராக இருந்தது. எலும்பு தானாக வளர்ந்தது, கதவு இடித்ததால் வந்தது இல்லை, ஸ்கேனில் பார்த்தேன், பெரிய டாக்டரையே கேளுங்கள்.

"தப்புதான் அண்ணி" என்றாள். "உங்க தலையில அந்தப் புடைப்பு என்னாலதான் வந்துச்சு."

கணவன் டீயை ஆற்றுவதை நிறுத்தினான். "நீதானே இத்தனை வருஷமா இல்லவே இல்லைன்னு..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் தலைக்காரி.

நாத்தனார் பின்தலையைத் தடவிக்கொண்டாள். "இப்பவாவது... ஒத்துக்கிட்டாளே" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. தலைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், அவள் பார்க்கப் பார்க்க, அலமாரிக் கதவை நன்றாக அழுத்திச் சாத்தினாள்.

மறுநாள் காலை அது மறுபடியும் திறந்து கிடந்தது.